மூன்றாவது மிதியில் மூச்சு வாங்கிய இ55: இரண்டாவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் பொருத்திய கதை

போன ஜூலை. ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் வேலை பார்க்கும் கராஜுக்கு 2005 மாடல் மெர்சிடிஸ் இ55 ஏ.எம்.ஜி ஒன்று வந்தது. வண்டிக்காரர் உள்ளூர் அரபி இளைஞர். டிக்கியைத் திறந்து ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே பளபளவென்று ஒரு அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் (சூட்டை வெளிக்காற்றில் விடும் சின்ன ரேடியேட்டர் மாதிரி), கொஞ்சம் ஹோஸ், எட்டு கிளாம்ப். ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். "இதை மாட்டிக் கொடுங்கள், போதும்" என்றார்.

என்ன தொந்தரவு என்று கேட்டேன். முதல் தடவை ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி பறக்கிறது. இரண்டாவது தடவை பரவாயில்லை. மூன்றாவது தடவை ஏதோ டாக்ஸி ஓட்டுவது போல் இருக்கிறது. ராத்திரியில் அவ்வளவு தெரிவதில்லை, பகலில்தான் மோசம். இவ்வளவையும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொன்னார். இதைக் கேட்டாலே இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு நோய் தெரிந்துவிடும்: ஹீட் சோக். இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, சூடு இறங்க நேரமில்லாமல், அடுத்த மிதிக்கும் அதே சூட்டோடு நிற்பது. நோய் தெரிந்ததும் மருந்தும் அட்டைப்பெட்டியில் தயாராக இருக்கிறதே என்று நினைத்தேன். அங்கேதான் சறுக்கினேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம். 5.4 லிட்டர் வி8. ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக மொத்தம் 16 பிளக். கம்பெனிக் கணக்கில் 476 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் டார்க். இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தின் மேல், காற்றை நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கும். ஸ்வீடன் பொறியாளர் ஆல்ஃப் லிஷோம் 1930களில் உருவாக்கிய இரட்டைத் திருகு வகை அது. ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் இரண்டு திருகுகள் காற்றை உள்ளேயே நெருக்கி அனுப்பும். நிதானமாக ஓட்டும்போது மின்காந்த கிளட்ச் அதைக் கழற்றிவிடும், மிதித்தால் பிடித்துக்கொள்ளும். கம்பெனி அமைப்பில் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம், சுமார் 0.8 பார்.

காற்றை நெருக்கினால் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும். வெளியே 42 டிகிரி, பூஸ்ட் 0.8 பார், சூப்பர்சார்ஜரின் திறன் 65 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வெளியே வரும் காற்று சுமார் 130 டிகிரியில் இருக்கும். அதை அப்படியே சிலிண்டருக்குள் விட்டால் நாக்கிங்தான், எரிபொருள் நேரம் தப்பி வெடித்து இன்ஜினைத் தட்டும். அதனால் நடுவில் ஒரு இன்டர்கூலர். இந்த வண்டியில் அது தண்ணீர் வகை: காற்றின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொள்ளும், ஒரு சின்ன மின்சார பம்ப் அந்தக் கூலன்டை முன்பக்க கிரில்லுக்குத் தள்ளும், அங்கே இருக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூட்டை வெளிக்காற்றில் விடும். இன்ஜின் ரேடியேட்டர் வேறு, இந்தச் சுற்று வேறு.

முழு மிதியில் இந்த இன்ஜின் நொடிக்கு ஏறத்தாழ 350 கிராம் காற்றைக் குடிக்கும். அதை 130லிருந்து 65 டிகிரிக்கு இறக்க 23 கிலோவாட் வெப்பத்தை எடுத்தாக வேண்டும். வீட்டில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி எடுப்பது ஐந்து கிலோவாட் சொச்சம். அப்படியானால் நாலு ஏசிக்கு மேலான வேலை, ஒரு புத்தகப் பை அளவுப் பெட்டிக்குள். இது கம்பெனி பூஸ்டுக்கான கணக்கு. நம் வண்டிக்காரர் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் சக்கரமான புல்லியை வேறொரு இடத்தில் சிறிதாக மாற்றி, பூஸ்டை ஏற்றியிருந்தார். ஆக வண்டியைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. 476 குதிரைக்குப் போட்ட தொழுவத்தில் கூடுதல் குதிரைகளைக் கட்டியிருக்கிறார்கள்.

முதலில் அளவு

எதை மாட்டுவதானாலும் முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு எடுப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் வண்டிக்காரர் கொடுத்த காசு வீணாகவில்லை என்று அவர் மனசே அவருக்குச் சொல்லிக்கொள்ளும், நாமும் தலையாட்டுவோம்.

வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகள் மேல் ஓட்டி அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை. டைனோ ரூமில் முன்னால் வைக்கும் ஃபேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 100 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு ஈடாகாது. அங்கே எடுக்கும் இன்டர்கூலர் அளவை நான் நம்புவதில்லை. அதற்குப் பதிலாக, வரம்பு 120 உள்ள, வெள்ளிக்கிழமை மத்தியானம் காலியாகக் கிடக்கும் ஒரு சாலை. 60லிருந்து 120 வரை ஒரு முழு மிதி, பிறகு 80ல் ஒரு நிமிடம் ஓட்டம், மறுபடி மிதி. இப்படி ஐந்து தடவை. ஸ்கேனரில் இன்டேக் காற்றின் வெப்பத்தைப் பதிவு செய்வது. ஐந்தாவது மிதி முடிந்ததும், அதே 80ல் ஓட்டிக்கொண்டே 55 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. எல்லா நாளும் வெளியே 41 டிகிரி, ஒன்று கூடக் குறைய.

முதல் நாள் அளவு: முதல் மிதிக்கு முன் 54, முதல் மிதி முடிவில் 66, மூன்றாவதில் 79, ஐந்தாவதில் 88. 55க்கு இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல். 88 டிகிரிக் காற்று என்றால் கம்ப்யூட்டர் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துச் சக்தியைக் குறைக்காமல் என்ன செய்யும்? அந்த ‘டாக்ஸி’ அங்கேதான் பிறக்கிறது.

கராஜுக்குத் திரும்பி பானெட்டைத் திறந்தோம். என்னோடு வேலை செய்யும் தம்பி ராமநாதபுரத்துப் பையன், வந்து ஒன்றரை வருஷம். அட்டைப்பெட்டியை எடுக்கப் போனவன், என்ன நினைத்தானோ, இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸையும் வரும் ஹோஸையும் கையால் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணே, போற ஹோஸு ஆறியே கெடக்கு. வர்றது கைய வைக்க முடியல."

"நல்லதுதானடா? அங்க சூட்ட எடுக்குது, முன்னாடி விடுது."

"இவ்ளோ வித்தியாசமாண்ணே இருக்கும்? தண்ணி ஓடுதா இல்ல ஊருதா?"

நல்ல கேள்வி. தண்ணீர் வேகமாக ஓடினால் போகும் சூட்டுக்கும் வரும் சூட்டுக்கும் வித்தியாசம் குறைவாக இருக்கும். நத்தை மாதிரி ஊர்ந்தால்தான் இன்டர்கூலருக்குள் நின்று வெந்துவிட்டு வெளியே வரும். திரும்பும் ஹோஸைக் கழற்றி பத்து லிட்டர் வாளிக்குள் விட்டோம். பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்கு இன்னொரு கேனிலிருந்து தண்ணீர். பம்புக்கு கரண்ட் கொடுத்து, போனில் ஸ்டாப்வாட்ச். வாளி நிறைய 75 நொடி. அதாவது நிமிடத்துக்கு 8 லிட்டர்.

8 லிட்டர் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கேயே சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஒரு லிட்டர், ஒரு டிகிரி ஏற 3.6 கிலோஜூல் வாங்கும். நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓட்டத்தில் 23 கிலோவாட்டை ஏற்றினால், கூலன்ட் ஒரே கடப்பில் 48 டிகிரி ஏறியாக வேண்டும். 45ல் உள்ளே போனது 93ல் வெளியே வரும். அப்படிப்பட்ட தண்ணீரா காற்றை 65க்கு இறக்கும்?

மல்டிமீட்டரை எடுத்தோம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப் கனெக்டரில் 10.4. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் யாரோ முன்பு வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். புல்லி மாற்றிய இடத்திலா, அதற்கும் முன்பா, தெரியவில்லை. தலைமுடி கனத்தில் ஒயர், முறுக்கி டேப் சுற்றியது, டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. சரியான கனத்தில் ஒயர் இழுத்து, எர்த் பாயின்ட்டைச் சுரண்டிப் பிடித்ததும் 13.5 வோல்ட். வாளி 50 நொடியில் நிறைந்தது. நிமிடத்துக்கு 12 லிட்டர்.

அட்டைப்பெட்டியை இன்னும் திறக்கவில்லை. செலவு ஒன்றரை மீட்டர் ஒயர். சாலையில் ஐந்தாவது மிதி 79. ஒன்பது டிகிரி போயே போச்சு.

பம்ப்

அடுத்து பெரிய பம்ப். இரண்டாவது எக்ஸ்சேஞ்சர் மாட்டினால் தண்ணீர் இன்னொரு கோர் (எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்கள் உள்ள நடுப்பகுதி) வழியாகவும் நெருங்கிப் போக வேண்டும், தடை கூடும். அதனால் பம்ப் எப்படியும் தேவை. தனி ரிலே, தனி ஃபியூஸ், பேட்டரியிலிருந்து நேராக ஒயர். சுவிட்ச் சிக்னல் மட்டும் பழைய கனெக்டரிலிருந்து. வாளி 31 நொடி, நிமிடத்துக்கு 19 லிட்டர். ஐந்தாவது மிதி 71 டிகிரி. 55க்கு இறங்க மூன்று நிமிடம்.

கூலன்ட் கலவையையும் மாற்றினேன். இந்த ஊரில் பனி உறையப் போவதில்லை. கூலன்டில் உறையாமலிருக்கச் சேர்க்கும் கிளைக்கால் என்ற ரசாயனம் கூடக் கூட, சூடு வாங்கும் சக்தி குறையும், கெட்டியும் ஆகும். கால் பங்கு கூலன்ட், முக்கால் பங்கு டிஸ்டில்டு வாட்டர். அலுமினியம் அரிக்காமலிருக்கக் கூலன்டில் உள்ள மருந்து வேண்டும், அதனால் வெறும் தண்ணீர் ஆகாது. குழாய்த் தண்ணீர் அறவே ஆகாது. இது எத்தனை டிகிரிக்கு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, பம்போடு சேர்த்தே மாற்றிவிட்டேன். தனியாக அளந்திருக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது அட்டைப்பெட்டி. வண்டிக்காரர் விருப்பம், கிரில்லுக்கு நேர் பின்னால், எல்லாவற்றுக்கும் முன்னால். பளபளப்பு வெளியே தெரிய வேண்டுமே. பிராக்கெட்டும் அந்த இடத்துக்கே வந்திருந்தது. நானும் சரியென்று மாட்டிவிட்டேன். சாலையில் போட்டுப் பார்த்தால் ஐந்தாவது மிதி 65, இறங்க ஒரு நிமிடம் 20 நொடி. ஆளாளுக்குக் கை கொடுத்துக்கொண்டோம்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. சிக்னலில் நின்றால் ஏசி காற்று வெந்நீர்க் காற்றாக வருகிறதாம். வண்டி வந்ததும் தெர்மாமீட்டரை வென்டில் செருகினேன். நின்ற நிலையில் 17 டிகிரி. மாட்டும் முன் 9 இருந்தது. காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. புது எக்ஸ்சேஞ்சருக்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் பின்னால் இன்ஜின் ரேடியேட்டர். முதலில் நிற்பவன் தன் சூட்டைக் காற்றில் விட, அந்தக் காற்றைத்தான் பின்னால் நிற்பவன் வாங்கிக்கொள்கிறான். போதாதற்கு, கூடுதல் ஃபின்கள் (சூட்டை விடும் மெல்லிய தகடுகள்) காற்றை வழிமறிக்கவும் செய்கின்றன. ஓடும்போது வேகக்காற்று சமாளித்துவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான். வளைகுடா ஜூலையில் ஏசி போய்விட்டால், அந்த வண்டியில் 500 குதிரை இருந்தென்ன, ஒட்டகம் இருந்தென்ன.

வண்டிக்காரர் கேட்டார், மாட்டினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கான கூலியை நான் வாங்கவில்லை.

இடம் தேடுதல்

புது இடம் பம்பரின் ஓரத் திறப்பு. ஆனால் வெளியே ஓட்டை தெரிகிறது என்பதால் உள்ளே காற்று போகிறது என்று அர்த்தமில்லை. நிறைய பம்பர்களில் அந்த ஓட்டை அழகுக்குத்தான், பின்னால் பிளாஸ்டிக் அடைத்திருக்கும். காற்று உள்ளே போக வழி இருந்தாலும், வெளியேற வழி இல்லையென்றால் அதுவும் உதவாது.

தம்பி தன் தங்கைக்குப் பூவேலை செய்ய வாங்கி வைத்திருந்த கம்பளி நூலை எடுத்து வந்தான். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, திறப்பைச் சுற்றியும் உள்ளே வீல் ஆர்ச் லைனர் (டயருக்கு மேல் வளைந்திருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு) மேலும் டேப்பால் ஒட்டினோம். பழைய போன் ஒன்றை பம்பருக்குள், லைட்டைப் போட்டு, வீடியோவில் வைத்துக் கட்டினோம். 80ல் ஒரு ஓட்டம். வீடியோவைப் பார்த்தால், திறப்பின் வாயில் இருக்கும் நூல் உள்நோக்கிப் படுத்திருக்கிறது, சரி. லைனர் அருகே இருக்கும் நூலோ கிறுக்குப் பிடித்த மாதிரி நாலாபுறமும் சுற்றுகிறது. உள்ளே வந்த காற்று வெளியேறத் தெரியாமல் அங்கேயே சுழல்கிறது.

லைனரில், டயருக்கு முன்னால், கை அகலத்துக்கு வெட்டி, பட்டை பட்டையாகச் சாய்வாக மடித்து விட்டோம். டயர் வாரியடிக்கும் மணல் உள்ளே வராமல், காற்று மட்டும் பின்னால் போகும்படி. மறுபடி ஓட்டம். இந்தத் தடவை எல்லா நூலும் ஒரே பக்கம் படுத்து, வாய்க்கால் புல் மாதிரி. அந்த வீடியோவை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்சரைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகட்டில் ஒரு கூடு அடித்தோம். பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் காற்று கோர் வழியாகப் போகாது, சுற்றிக்கொண்டு போய்விடும். தாங்கிகளை நேராகச் சட்டத்தில் முடுக்கவில்லை, ரப்பர் புஷ் மேல் தொங்கவிட்டோம். அதிர்வில் முதலில் விரிசல் விடுவது வெல்டிங் போட்ட காதுகள்தான்.

ஹோஸ் இணைப்பு தொடராகவா, இணையாகவா என்று ஒரு விவாதம் எப்போதும் உண்டு. இணையாகக் கொடுத்தால் பம்புக்குச் சுமை குறைவு, ஆனால் தண்ணீர் எது சுலபமோ அந்தப் பக்கமே போகும். ஒரு பக்கம் நீளமான ஹோஸ், நாலு வளைவு என்றிருந்தால் அந்த எக்ஸ்சேஞ்சர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே ஓர எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் பாதை நீளம். அதனால் தொடராகவே கொடுத்தேன்: இன்டர்கூலரிலிருந்து வரும் சூட்டுத் தண்ணீர் முதலில் கம்பெனி எக்ஸ்சேஞ்சருக்கு, பிறகு ஓரத்துப் புதியதற்கு, அங்கிருந்து பம்புக்கு. வாளி 35 நொடியானது. 19 லிட்டர் 17க்கு இறங்கியது. அந்த இழப்பை ஏற்றுக்கொண்டேன்.

கூலன்ட் சுற்றுக்குள் மாட்டிய காற்றை வெளியே எடுக்கும் வேலை அரை நாளைத் தின்றது. இன்டர்கூலர் சுற்றின் உச்சியில் இருக்கிறது, புது எக்ஸ்சேஞ்சர் அடியில். உச்சியில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் நகராது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பம்பை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக, ஹோஸைக் கையால் பிசைந்து பிசைந்து. தம்பி ஃபெண்டரில் காதை வைத்துக் கேட்டான். பசித்த வயிறு மாதிரி ‘களக் களக்’. கடைசியில், காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலன்ட் நிரப்பும் வேக்குவம் ஃபில்லரைப் பக்கத்துக் கராஜில் இரவல் வாங்கித்தான் அந்தச் சத்தம் அடங்கியது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க, ராத்திரி முழுக்க 1.2 பார் அழுத்தத்தில் விட்டுப் போனோம். காலையில் முள் அசையவில்லை.

கடைசி அளவு

ஐந்தாவது மிதி 66. 55க்கு இறங்க ஒன்றரை நிமிடம். நின்ற நிலையில் ஏசி வென்ட் 10 டிகிரி.

88லிருந்து 66. காற்றின் அடர்த்தியில் மட்டும் ஆறு சதவீதத்துக்கு மேல் லாபம், டைமிங் இழுபடாதது தனி. ஆனால் அந்த 22 டிகிரியில் 17 ஒயரும் பம்பும் கூலன்டும் கொடுத்தவை. அட்டைப்பெட்டி கொடுத்தது ஐந்துதான். இதை வண்டிக்காரரிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

அப்படியானால் அது வீணா? இல்லை. அது வேலை செய்யும் நேரம் வேறு. அதை மாட்டும் முன் இருந்த 4.5 லிட்டர் சுற்றில் நிமிடத்துக்கு 19 லிட்டர் ஓடினால், ஒரு முழுச் சுற்றுக்கு 14 நொடி. 60லிருந்து 120க்கு இந்த வண்டிக்கு ஆவது ஐந்து நொடி. அதாவது மிதித்திருக்கும்போது சூடான தண்ணீரில் பெரும்பகுதி, முன்பக்கத்தில் ஆறிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மிதியே முடிந்துவிடுகிறது. அந்த ஐந்து நொடியில் காப்பாற்றுவது, அப்போது சுற்றில் இருக்கும் தண்ணீரின் அளவும் ஓட்டமும்தான். புது எக்ஸ்சேஞ்சரும் அதன் ஹோஸும் சேர்த்து இரண்டு லிட்டர் கூடுதல் தண்ணீர், அந்த ஐந்து டிகிரியில் அதற்கும் பங்குண்டு. எக்ஸ்சேஞ்சரின் பரப்பளவு பேசுவது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகு. மூன்று நிமிடம் ஒன்றரையானது அதனால்தான். ஒரு தடவை மட்டும் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு இரண்டாவது எக்ஸ்சேஞ்சர் தேவையே இல்லை. மலை ஏறுகிறவர், டிராக்கில் சுற்றுகிறவர், இவரைப் போல விட்டுவிட்டு மிதிக்கிறவர், இவர்களுக்குத்தான்.

இன்னொன்று. எத்தனை எக்ஸ்சேஞ்சர் தொங்கவிட்டாலும் தண்ணீர் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்காது. 41 என்றால் 41தான் தரை. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஏசியைத்தான் பிடிக்க வேண்டும். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் கம்பெனியே அப்படிச் செய்தது: ஏசியின் குளிர்பதன வாயுவைத் திருப்பிவிட்டு இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். நம் வண்டிக்காரர் அதையும் கேட்டார். டிராக்கில் பத்து நொடிக்கு அது சரி, ஜூலையில் துபாய் போகும் டிராஃபிக்கில் கேபினுக்கே ஏசி போதவில்லை என்றேன். வென்ட்டில் வந்த 17 டிகிரி அவருக்கு நினைவிருந்தது, விட்டுவிட்டார்.

ஓரத்து எக்ஸ்சேஞ்சருக்கு ஃபேன் வைக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தால் அது ஒன்றும் செய்யாது, தெரிந்தே விட்டது. டிராக் வரிசையில் அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு நிற்கப் பழகியவராக இருந்தால் சின்ன ஃபேன் ஒன்று வைத்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஐந்தாவது மிதி 70. பம்பரைக் கழற்றினால் ஃபின்களுக்குள் மாவு மாதிரி மணல், நடுநடுவே பூச்சி. பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடித்தோம். எதிர்ப்பக்கம் அடித்தால் இன்னும் உள்ளே இறுகும். பிறகு 66. கல் வலை போடச் சொல்லிப் பலர் கேட்பார்கள். வலை காற்றைக் குறைக்கும், மணலையும் தடுக்காது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் பம்பர் கழற்ற வேண்டும் என்று ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டேன்.

கழற்றிய பழைய பம்பைத் தம்பி எறியவில்லை. முழு வோல்ட் கொடுத்தால் இன்றும் 12 லிட்டர் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் ஹோஸ் மாட்டி, பேட்டரி கிளிப் வைத்து, அலமாரியில் வைத்திருக்கிறான். மற்ற வண்டிகளுக்குக் கூலன்ட் நிரப்ப அதைத்தான் எடுக்கிறோம்.